டிரைவர் தானா ஏறணும் - ரிப்பேர் பென்டிரைவ் நாட்குறிப்பு

ஜூன் 3, 2025, செவ்வாய்

எதிர் பிளாக்ல தமிழ் டியூஷன் எடுக்கிற அக்கா லேப்டாப்ப தூக்கிட்டு வந்தாங்க, விண்டோஸ் ஏறல, ஒரு கடையில காட்டினதுக்கு எஸ்எஸ்டி, அதாவது ஃபைலெல்லாம் இருக்கிற டிஸ்க், செத்துப்போச்சு புதுசு போடணும்னு சொல்லிட்டாங்களாம். பத்து வருஷமா செஞ்ச ஒர்க்‌ஷீட், ஓ லெவல் வாய்மொழிப் பயிற்சி எல்லாம் அதுக்குள்ள. பேசும்போதே குரல் உடைஞ்சிடுச்சு அவங்களுக்கு.

என் ரிப்பேர் பென்டிரைவ்ல பூட் பண்ணேன். உள்ள இருக்கிறது வின்பிஈ, மெமரியிலேயே ஓடுற குட்டி விண்டோஸ். டிஸ்க்குகளப் பார்க்கிற டிஸ்க்பார்ட் கமாண்ட்ல லிஸ்ட் டிஸ்க் அடிச்சா என் பென்டிரைவ் மட்டும்தான் காட்டுது. ஆனா விண்டோஸுக்கு முன்னாடியே வர்ற பயாஸ் செட்டிங் திரையில எஸ்எஸ்டி பேரும் சைஸும் ஒழுங்கா நிக்குது. டிஸ்க் செத்துடுச்சுன்னு நான் ஒத்துக்க மாட்டேன்.

ஜூன் 4, புதன்

சந்தேகம் சரி. இன்டெல் 11ஆம் தலைமுறை சிப். இந்த மாதிரி நிறைய லேப்டாப்ல விஎம்டின்னு ஒரு கண்ட்ரோலர் ஆன்ல இருக்கும், என்விஎம்ஈ வகை எஸ்எஸ்டி டிஸ்க் அதுக்குப் பின்னாடி உக்காந்துக்கும், அதோட பேச விண்டோஸுக்கு உதவுற குட்டி மென்பொருள்தான் டிரைவர், அது இல்லன்னா வின்பிஈ கண்ணுக்கு டிஸ்க்கே கிடையாது. பயாஸ்ல விஎம்டிய ஆஃப் பண்ணாலும் டிஸ்க் தெரியும்தான், ஆனா அப்புறம் மெஷின்ல இருக்கிற விண்டோஸ் பூட் ஆகாம நீலத்திரையில நிக்கலாம், அடுத்தவங்க மெஷின்ல செட்டிங்க மாத்துறது எனக்குப் பிடிக்காது.

இந்த டிரைவர் வர்ற இன்டெல் ஆர்எஸ்டி இன்ஸ்டாலர் வின்பிஈல உதவாது, அதப் பிரிச்சு உள்ள இருக்கிற டிரைவர் ஃபைல்கள, ஐஎன்எஃப் (எந்த சாதனத்துக்குன்னு சொல்ற குறிப்பு), சிஸ், கேட் மூணையும் எடுத்துக்கணும். எடுத்து, டிரைவர ஏத்துற டிஆர்விலோட் கமாண்ட்ல ஐஎன்எஃப்ப கொடுத்தேன், ரெண்டு மூணு செகண்ட், டிஸ்க் வந்துடுச்சு! டிஸ்க்க என்கிரிப்ட் பண்ற பிட்லாக்கர் பூட்டு இருந்துச்சு. அக்கா தன்னோட மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல பார்த்து மீட்புச் சாவியோட 48 இலக்கத்தையும் ஃபோன்ல ஆறு ஆறா சொன்னாங்க, ஒவ்வொரு ஆறுக்கும் "எழுதிட்டியா தம்பி"ன்னு கேட்டுக்கிட்டே.

காப்பி பாதியில அடாப்டர் வயர் கழண்டு மெஷின் ஆஃப். திரும்ப பூட் பண்ணா டிஸ்க் காணோம், டிரைவர் மெமரியிலதானே இருந்துச்சு, கரண்டோட போயிடுச்சு. மறுபடி எல்லாம் கையால. காப்பி முடிய ராத்திரி ஒரு மணி.

ஜூன் 7, சனி

ஹஜ்ஜுப் பெருநாள் லீவு. கீழ்வீட்டு மலாய் மாக்சிக் (அத்தை) குடுத்தனுப்பின பிரியாணிய சாப்பிட்டு உக்காந்துட்டேன், இனிமே டிரைவர் தானா ஏறணும். வின்பிஈ ஏறினதும் ஸ்டார்ட்நெட்னு ஒரு கமாண்ட் ஃபைல் ஓடும், அதுல முதல்ல வின்பிஈய தயார் பண்ற டபிள்யூபிஈஇனிட், அதுக்குக் கீழ என் வரிகள். பென்டிரைவோட டிரைவ் எழுத்து (டி, ஈ மாதிரி) மெஷினுக்கு மெஷின் மாறும், அதனால ஒரு அடையாள ஃபைல் போட்டு வச்சு சி-லேருந்து ஒவ்வொரு எழுத்தா தேடச் சொல்லிட்டேன்.

மொதல்ல போல்டர்ல இருக்கிற எல்லா ஐஎன்எஃபையும் வரிசையா ஏத்தவிட்டேன். தப்பு. ஏத்தி முடிக்கவே அவ்ளோ நேரம், சம்பந்தமே இல்லாத டிரைவருக்கெல்லாம் எரர், நடுவுல நிஜமாவே வேணுங்கிறது ஏறுச்சா இல்லையான்னே தெரியல. மெஷின்ல என்ன இருக்கோ அதுக்கு மட்டும்தான் ஏத்தணும். விண்டோஸ் தன் விவரங்கள வச்சிருக்கிற ரெஜிஸ்ட்ரியில Enum\PCI-ங்கிற பகுதி கீழ ஒவ்வொரு சாதனத்துக்கும் கம்பெனி நம்பர், டிவைஸ் நம்பர் இருக்கும், 8086னா இன்டெல், 10இசின்னா ரியல்டெக், அக்கா மெஷின்ல விஎம்டி 9ஏ0பி. அந்த நம்பர் எந்த ஐஎன்எஃப்ல இருக்கோ அத மட்டும் லோட் பண்ணா போதும்.

ஜூன் 8, ஞாயிறு

நாள் பூரா ஒரே மல்லுக்கட்டு. ஐஎன்எஃப்ல அந்த நம்பரத் தேட வச்ச ஃபைண்ட்ஸ்ட்ர் கமாண்ட் எதையுமே கண்டுபிடிக்கல, நோட்பேட்ல திறந்தா நம்பர் கண்ணு முன்னாடி இருக்கு! சாயங்காலம்தான் புரிஞ்சுது, அந்த ஐஎன்எஃப் யுடிஎஃப்-16ல எழுதினது, ஒவ்வொரு எழுத்துக்கும் ரெண்டு பைட், அதனால நேரா தேடினா சிக்காது. ஃபைல படிச்சுக் காட்டுற டைப் கமாண்ட்ல கொட்டி பைப் (|) வழியா ஃபைண்ட்ஸ்ட்ருக்கு அனுப்பினா சிக்குது. இன்னொண்ணு, சாதனத்தோட ஐடி நம்பருக்கு நடுவுல வர்ற அண்ட் குறிய (&) கமாண்ட் ஃபைல் அடுத்த கமாண்ட்னு எடுத்துக்கும், மேற்கோள் குறி போடாம விட்டா அவ்ளோதான். இத செய்யப் போறவங்க இந்த ரெண்டையும் மொதல்லயே பார்த்துக்குங்க, என் ஞாயித்துக்கிழமை முழுசும் இதுக்குத்தான் போச்சு.

ஜூன் 14, சனி

மூணு மெஷின்ல ஓட்டிப் பார்த்தாச்சு. அக்காவோடதுல டிஸ்க் தானா வந்துடுச்சு, என் பழைய ஏஎம்டி லேப்டாப்ல விஎம்டியே கிடையாது, அதனால ஸ்டோரேஜ் டிரைவர் எதையும் தொடல, அதுதான் எனக்கு ரொம்ப நிம்மதி. மச்சானோட 12ஆம் தலைமுறை மெஷின்ல விஎம்டி நம்பர் வேற, 467எஃப், அதுவும் அதே ஐஎன்எஃப்ல இருந்துச்சு, ஏறிடுச்சு. ஸ்டோரேஜ் போல்டர் முதல்ல, லான் (நெட்வொர்க்) போல்டர் அப்புறம்னு வரிசைய மாத்தி வச்சிருக்கேன், ஃபைல காப்பாத்தத்தானே பூட் பண்றோம்.

சாயங்காலம் பிளாக்குக்குக் கீழ இருக்கிற திறந்த தளமான வாய்ட் டெக்ல வச்சு அக்காகிட்ட வெளி ஹார்ட்டிஸ்க்க குடுத்தேன். அங்கேயே ஒரு போல்டரத் திறந்து பார்த்தாங்க, 2016 ஒர்க்‌ஷீட்.