இரண்டு ஸ்கேன்களுக்கு நடுவே

கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுநோய் வந்தவருக்குக் கதிர்வீச்சுத் திட்டம் போடும்போது, எம்.ஆர்.ஐ.யில் தெரிகிற கட்டியைச் சுற்றிக் கோடு வரைவோம். அதற்கு வெளியே சுமார் 2 சென்டிமீட்டர் விளிம்பு விடுவோம். அப்புறம் ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், தினம் 2 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு), மொத்தம் 60 கிரே. கூடவே டெமோசோலமைடு என்ற கீமோ மாத்திரை. நான் மருத்துவ இயற்பியலாளராக வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். ரோஜர் ஸ்டுப் குழு 2005-இல் வெளியிட்ட ஆய்வில், மாத்திரையும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் இதைத் தாண்டி வாழ்ந்தார்கள்) 14.6 மாதம், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களுக்கு 12.1 மாதம்.

அந்த 2 சென்டிமீட்டர் எனக்கு எப்போதும் உறுத்தும். சிலருடைய கட்டி ஒரே இடத்தில் திரண்டு பருக்கும். சிலருடையது ஸ்கேனில் தெரியாமலே தூரம்வரை ஊடுருவியிருக்கும். இரண்டு பேருக்கும் ஒரே அளவு விளிம்பா?

கணிதவியலாளர் கிறிஸ்டின் ஸ்வான்சன் சியாட்டிலிலும் பிறகு மேயோ கிளினிக்கிலும் வளர்த்தெடுத்த, கட்டி எப்படி வளரும் என்று சமன்பாடுகளால் கணிக்கும் மாடலைப் படித்தது இந்த உறுத்தலால்தான். அதில் ஒரு நோயாளிக்கு முக்கியமாக இரண்டே எண்கள்: செல்கள் பெருகும் வேகம், பரவும் வேகம். மூளையின் வெண்பொருளில் பரவல் அதிகம், சாம்பல்பொருளில் குறைவு. மருந்து செலுத்தி எடுக்கும் டி1 என்ற எம்.ஆர்.ஐ. படம் செல்கள் நெருக்கமாக இருக்கும் பகுதியைக் காட்டும். ஃபிளேர் என்ற இன்னொரு வகை எம்.ஆர்.ஐ. படம் அதைச் சுற்றிய வீக்கத்தையும் மெலிந்த ஓரத்தையும் காட்டும். இரண்டு எல்லைகளுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் கட்டி பரவும் ரகம். சிகிச்சைக்கு முன் வேறு வேறு நாளில் எடுத்த இரண்டு ஸ்கேன் கிடைத்தால் வளர்ச்சி வேகமும் தெரிந்துவிடும். அதிலிருந்து இரண்டு எண்களையும் பிரித்தெடுக்கலாம்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கி, பெயர் நீக்கிய பழைய ஸ்கேன்களை வைத்துச் சாயங்காலங்களில் இதைச் செய்து பார்த்தோம். ஒரு நோயாளியின் கட்டி திரண்டு நிற்கும் ரகம், பரவல் மிகக் குறைவு என்றது மாடல். உண்மையில் அந்தக் கட்டி சில மாதங்களில் மறுபக்க மூளைக்கே போயிருந்தது. சமன்பாட்டில் பிழையா, கோட்டில் பிழையா என்று ஒரு வாரம் தேடினேன். ஒவ்வொரு ஸ்லைஸாகத் திரும்ப வரைந்தேன். இரண்டாவது ஸ்கேனில் ஃபிளேர் பகுதி முதல் ஸ்கேனைவிடச் சுருங்கியிருந்தது. சிகிச்சையே தொடங்காதபோது எப்படிச் சுருங்கும்? கடைசியில் கேஸ் ஷீட்டை வரவழைத்தேன். இரண்டு ஸ்கேன்களுக்கும் நடுவில் ஒரு நாளில், ஓரமாக, நீல மையில் ஒரு வரி: டெக்ஸாமெத்தசோன் ஆரம்பம். ஸ்டீராய்டு வீக்கத்தை வற்றவைத்திருக்கிறது. இடைவெளி குறைந்ததும், கட்டி பரவவில்லை என்று மாடல் எடுத்துக்கொண்டது. நாங்கள் கொடுத்ததை வைத்துத்தானே அது கணக்குப் போடும்.

மாடலின் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. அதன் உண்மையான அருமை எனக்கு வேறொரு இடத்தில் புரிந்தது. கதிர்வீச்சு முடிந்து எடுக்கும் முதல் ஸ்கேனில், சிகிச்சை நன்றாக வேலை செய்திருந்தாலும்கூடச் சிலருக்குக் கட்டி பெரிதானதுபோலத் தெரியும். ஒரு நோயாளியின் மனைவி அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இவ்ளோ கஷ்டப்பட்டும் பலனே இல்லையா மேடம்?" என்று கேட்டார். பொறுத்துப் பார்ப்போம் என்று மட்டும்தான் எங்கள் டாக்டரால் சொல்ல முடிந்தது.

ஸ்வான்சன் குழுவின் கணக்கு ஒன்று நேராக அந்தக் கேள்விக்கே பதில் தேடுகிறது. சிகிச்சையே இல்லாவிட்டால் இதே கட்டி எப்படி வளர்ந்திருக்கும் என்று மாடல் ஓட்டிக் காட்டும். இன்றைக்கு ஸ்கேனில் இருக்கும் அளவை அது எந்த நாளில் எட்டியிருக்கும்? அந்த நாளிலிருந்து இன்றுவரை உள்ள நாட்கள், சிகிச்சை சம்பாதித்துக் கொடுத்தவை. இன்னொருவரோடு ஒப்பிடாமல், அவரையே அவரோடு ஒப்பிடும் கணக்கு. அந்த அம்மாவிடம் அதை நான் சொல்லவில்லை. எங்கள் துறையில் அது இன்னும் ஆராய்ச்சிக் கணக்குதான். ஒருவருடைய நம்பிக்கையை அதன்மேல் ஏற்றிவைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவர் கணவருக்கு அந்த நாட்கள் எத்தனை வந்திருக்கும் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது புது நோயாளி வந்தால், ஸ்கேன் படத்தைத் திறக்கும் முன் நர்ஸிடம் ஸ்டீராய்டு என்றைக்கு ஆரம்பித்தது, எத்தனை மில்லிகிராம் என்று கேட்டு, ஃபைலின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் குறித்துவிடுகிறேன்.