விசாவும் தங்கும் அனுமதியும் ஒன்றல்ல

மேற்படிப்புக்கு ஜெர்மனி கிளம்பும் மாப்பிள்ளையைப் பார்க்கச் சென்ற வாரம் பெருந்துறையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டாண்டுப் படிப்புக்கு ஆறு மாத விசாதான் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கிறது என்று அக்கா கலங்கிப்போயிருந்தார். “ஏங்கண்ணு, பாதியில திருப்பி அனுப்பிச்சுருவாங்களா?” என்றார்.

அந்த ஒட்டுவில்லையில் ‘டி’ என்ற எழுத்து இருந்தது. 90 நாட்களுக்கு மேல் தங்க வருபவருக்கு அந்தந்த நாடு தன் பொறுப்பில் தரும் நீண்டகால விசா அது. உள்ளே நுழையவும் தொடக்க மாதங்களைச் சட்டப்படி கழிக்கவும் உதவும். அங்கே போய் வீட்டு முகவரியைப் பதிந்து, விசா முடிவதற்குள் வெளிநாட்டினர் அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பெறும் அட்டைதான் தங்கும் அனுமதி. அதற்குப் பிறகான படிப்புக் காலத்துக்கு அதுவே ஆதாரம். இத்தாலியில் இறங்கிய 8 வேலை நாட்களுக்குள் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிரான்சிலோ மாணவர் பலருக்குத் தரப்படும் விசாவே தங்கும் அனுமதியாகவும் செல்லும். ஆனால், போய்ச் சேர்ந்த 3 மாதங்களுக்குள் அதை இணையத்தில் உறுதிசெய்தாக வேண்டும்.

பெரிய நகரங்களில் அலுவலகச் சந்திப்புக்கு நேரம் கிடைப்பது அரிது என்பதால், விசா முடியும் நாளுக்கு இரண்டு மாதம் முன்பே ஒரு தேதியைக் குறித்து மாப்பிள்ளையின் கையில் கொடுத்தேன். அக்கா அதையே சமையலறை நாட்காட்டியிலும் எழுதிக்கொண்டார்.