பி.காம் சிஏ: நான் படித்து முடித்த மூன்று வருடம்

பி.காம் சிஏ சேர்ந்திருக்கிறேன் என்று சொன்னதும் எங்கள் தெருவில் பாதிப் பேர் நான் ஆடிட்டராகப் போகிறேன் என்றே நினைத்தார்கள். அந்த சிஏ வேறு, இந்த சிஏ வேறு. இது கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். சென்னைப் பக்கம் கிட்டத்தட்ட இதே மாதிரியான படிப்பை பி.காம் ஐஎஸ்எம், அதாவது இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் மேனேஜ்மென்ட் என்று வைத்திருக்கிறார்கள். நான் 2016இல் திருப்பூரில் ஒரு கல்லூரியில் சேர்ந்து 2019இல் முடித்தேன். ஒவ்வொரு வருடமும் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் சொந்தக்காரப் பிள்ளைகள், அப்பாவோடு வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் என்று யாராவது வந்து, "அக்கா, இதுல சேரலாமா, வேலை கிடைக்குமா" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொல்லியிருக்கிறேன், இந்த முறை முழுசாக எழுதிவிடுகிறேன்.

அப்பா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், பீஸ் ரேட், அதாவது தைத்த பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. அம்மா செக்கிங், தைத்து வந்ததைச் சரிபார்க்கும் வேலை. நான் தமிழ் மீடியத்தில் காமர்ஸ் குரூப் படித்தவள். கணக்குப் பதிவியல் எனக்குப் பிடிக்கும், கம்ப்யூட்டர் தெரிந்தால் வேலை கிடைக்கும் என்று டீச்சர் சொன்னார், அவ்வளவுதான் சேர்ந்த காரணம்.

முதல் வருடம் எல்லாம் கலந்து வரும். தமிழ், இங்கிலீஷ், ஃபினான்ஷியல் அக்கவுண்டிங், அப்புறம் சி புரோகிராமிங். அக்கவுண்டிங்கில் பயமில்லை, பிளஸ் டூவில் போட்ட ஜர்னலும் லெட்ஜரும்தான் இங்கிலீஷில் திரும்ப வந்தன. சி-யில்தான் விழுந்தேன். லேபில் நீலத் திரையில் டர்போ சி, அப்சர்வேஷன் நோட்டில் எழுதியதை வரிக்கு வரி மனப்பாடம் செய்து அடிப்பேன், ரன் ஆகும். தியரி பேப்பரில் கொஞ்சம் மாற்றிக் கேட்டார்கள், கை நின்றுவிட்டது. 75க்கு 30 எடுத்தால் பாஸ், எனக்கு 27. அரியர் என்ற வார்த்தையை வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு நாள் சொல்லவே இல்லை.

அந்த அரியரை கிளியர் செய்ய வைத்தது எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி சொல்லிக்கொடுத்த ஒரு வழி. புரோகிராமைப் பார்த்துப் படிக்காதே, ஒரு தாளில் கோடு போட்டு ஒவ்வொரு வேரியபிளுக்கும் (மதிப்பு மாறிக்கொண்டே இருக்கும் பெயருக்கு) மேலிருந்து கீழாக ஒரு கட்டம் ஒதுக்கு, ஒவ்வொரு வரி ஓடும்போதும் எது எவ்வளவு ஆகிறது என்று கீழே கீழே எழுதிக்கொண்டே வா என்றாள். 1, 2, 3 என்று திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டே போகும் ஒரு ஃபார் லூப்புக்கு அப்படிப் போட்டுப் பார்த்தேன். ஐ 1, சம் 1. ஐ 2, சம் 3. ஐ 3, சம் 6. நாலாவது வரியில் நிமிர்ந்து பார்த்தால், இது கேஷ் புக்கில் ஒவ்வொரு வரவுக்கும் பாக்கி எழுதிக்கொண்டு போவது மாதிரியே இருக்கிறது! எனக்கு ஏற்கெனவே தெரிந்த வேலையைத்தான் வேறு எழுத்தில் கேட்கிறார்கள் என்று அன்றைக்குப் புரிந்தது. காமர்ஸ் படித்து வரும் பிள்ளைகள் சி-யைக் கண்டு பயந்தால் முதலில் இந்தத் தாள் வேலையைச் செய்து பாருங்கள். அடுத்த முறை எழுதினேன், பாஸ்.

இரண்டாம் வருடம் தொடங்கிய சமயத்தில் ஜிஎஸ்டி வந்தது, 2017 ஜூலை 1. எங்கள் லேபில் இருந்த கணக்கு சாஃப்ட்வேர் டாலி பழைய வெர்ஷன், பயிற்சி எல்லாம் அதற்கு முன்பிருந்த வாட் வரியில் இருந்தது. வெளியே ஊரே சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பேசிக்கொண்டிருக்க, நாங்கள் பரீட்சைக்காக இல்லாமல் போன ஒரு வரியைப் போட்டுக்கொண்டிருந்தோம். பாடத்திட்டம் மாற நாள் ஆகும், அது எங்கேயும் உள்ளதுதான், ஆனால் அதற்காகக் காத்திருந்தால் நமக்குத்தான் நஷ்டம். ஊரில் அந்த நேரம் ஒரே பேச்சு ஜாப் ஒர்க் வரிதான், அதாவது அடுத்தவர் துணியை வாங்கிக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பதற்கான வரி. ஆடை ஜாப் ஒர்க்குக்கு முதலில் 18 சதவீதம் என்றார்கள், ஆகஸ்டில் கவுன்சில் கூடி 5 ஆக்கினார்கள். அந்த ஒரு மாதம் தையல் யூனிட் வைத்திருப்பவர்கள் பட்ட கவலையை டீக்கடையிலேயே கேட்கலாம். வரி என்பது பாடப்புத்தகத்தில் இருப்பது மட்டும் என்று நினைத்திருந்த எனக்கு, அப்பாவுக்கு அடுத்த வாரம் வேலை இருக்குமா என்பதே அதில் இருக்கிறது என்று தெரிந்தபிறகு, டாலியை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற வெறி வந்தது.

அதனால் 2018 மே விடுமுறையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் என்ட்ரி போடப் போனேன். சம்பளம் பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் சரியாகப் போகும். ஆனால் அந்த ஒரு மாதத்தில் கற்றதை இரண்டு செமஸ்டரிலும் கற்கவில்லை. டாலியில் எஃப்9 தட்டினால் பர்ச்சேஸ், எஃப்8 சேல்ஸ், எஃப்5 பேமென்ட், விரல் தானாகவே போகும் அளவுக்குப் பழகியது. ஒரு நாள் கையால் எழுதிய பில் ஒன்று வந்தது, அதில் சப்ளையரின் ஜிஎஸ்டி நம்பரில் ஒரு எழுத்து 8-ஆ, ஆங்கில பி-யா என்று தெரியவில்லை. 8 என்று அடித்தேன், போர்ட்டல் ஏற்கவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த அக்கா பில்லை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அது பி தான், ஏழாவது இடத்துல நம்பர் வராது" என்றார்.

எப்படி என்று கேட்டேன். பதினைந்து எழுத்து. முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து அப்படியே பான் நம்பர், பான் என்றால் முதலில் ஐந்து எழுத்து, அப்புறம் நாலு எண், கடைசியில் ஓர் எழுத்து. பதின்மூன்றாவது, ஒரே பானில் அந்த மாநிலத்தில் எத்தனையாவது பதிவு என்பது. பதினான்காவது பொதுவாக இசட். கடைசி எழுத்து, முன்னால் உள்ள பதினாலையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது, நடுவில் ஒன்று தப்பினால் காட்டிக்கொடுத்துவிடும். அப்படியென்றால் மூன்றிலிருந்து ஏழு வரை எழுத்துதான் இருக்க முடியும். நான் நாலாம் செமஸ்டரில் ஆர்டிபிஎம்எஸ் (டேட்டாபேஸ்) பேப்பரில், ஒரு டேபிளில் ஒவ்வொரு வரியையும் தனியாக அடையாளம் காட்டும் பிரைமரி கீ என்றால் என்ன என்று இரண்டு மார்க்குக்கு எழுதிவிட்டு அப்போதுதான் வந்திருந்தேன். அந்த மேஜையில்தான் ஒரு நல்ல கீ எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்தேன்.

ஆர்டிபிஎம்எஸ் என்றதும் அப்பாவின் நோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தப் படிப்பு என்ன என்று எனக்குப் புரியவைத்ததே அதுதான். பீஸ் ரேட் டெய்லர்கள் பலரும் ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பார்கள். தேதி, எந்த டி-ஷர்ட், என்ன வேலை (ஷோல்டர் சேர்த்தது, கை ஏற்றியது, சைடு அடித்தது), பண்டில் (கட்டாகக் கட்டிக் கொடுக்கும் வெட்டிய துணி) நம்பர், எத்தனை பீஸ். சனிக்கிழமை கூலி வாங்கும்போது காண்ட்ராக்டர் சீட்டோடு ஒத்துப் பார்ப்பார்கள். 2018 தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை அப்பா கணக்கில் 42 பண்டில், சீட்டில் 40. அப்பா சண்டை போடுகிற ஆள் இல்லை, வந்து முகம் கழுவிவிட்டு நோட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம்தான் வகுப்பில் நார்மலைசேஷன், அதாவது தகவலைத் திரும்பத் திரும்ப வராமல் சரியான டேபிள்களாகப் பிரிப்பது, நடத்தியிருந்தார்கள். ஐபிஎம்மில் இருந்த காட் என்பவர் 1970இல் கொண்டுவந்த ரிலேஷனல் மாடல், ஃபர்ஸ்ட் நார்மல் ஃபார்ம், செகண்ட், தேர்ட் என்று போர்டில் அம்புக்குறி அம்புக்குறியாக ஓடியது, எனக்கு ஒன்றும் ஏறவில்லை. வீட்டில் அப்பாவின் நோட்டைப் பார்த்தால் ஒரே வரியில் "23, 24, 27" என்று மூன்று பண்டில். ஒரு கட்டத்துக்குள் ஒன்றுக்கு மேல் போடக் கூடாது, அதுதான் முதல் விதி! ஒவ்வொரு வரியிலும் ரேட் எழுதியிருக்கிறார், ஆனால் ரேட் பண்டிலைப் பொறுத்து மாறாது, டிசைனையும் வேலையையும் பொறுத்துத்தான் மாறும், ஆக அது தனி டேபிளுக்குப் போக வேண்டும். அம்புக்குறியெல்லாம் என்ன சொல்ல வந்தது என்று அந்த ராத்திரி விளங்கியது.

நோட்டில் இருந்ததையும் சீட்டில் இருந்ததையும் எக்ஸெலில் தனித்தனியாக அடித்து ஒத்துப் பார்த்தேன். 27ஆம் பண்டில் அப்பா நோட்டில் இரண்டு முறை, 31ஆம் பண்டிலும் இரண்டு முறை. சீட்டில் ஒவ்வொன்றும் ஒரு முறைதான். ரிப்பீட் என்று நினைத்து நீக்கிவிட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த வாரம் இரண்டு லாட் (தனித்தனித் தொகுதி) ஓடியிருக்கிறது, லாட்டுக்கு லாட் பண்டில் நம்பர் ஒன்றிலிருந்து தொடங்கும். பண்டில் நம்பர் மட்டும் கீ ஆகாது, லாட்டும் பண்டிலும் சேர்ந்தால்தான் கீ. திங்கட்கிழமை அப்பா நோட்டைக் காட்டிச் சொல்லியிருக்கிறார், காண்ட்ராக்டரும் பார்த்துவிட்டு அடுத்த வாரக் கூலியோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார். அப்பா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "இதையா கண்ணு காலேஜ்ல சொல்லித் தர்றாங்க?" ஆமாம்பா, இதைத்தான் என்றேன்.

மூன்றாம் வருடப் பிராஜெக்டுக்கு எனக்கு வேறு யோசனையே வரவில்லை. காசு கொடுத்தால் ரெடிமேட் பிராஜெக்ட், ரிப்போர்ட், பைண்டிங் எல்லாம் கையில் கொடுக்கிற சென்டர்கள் இருக்கின்றன, நிறையப் பேர் வாங்கினார்கள், அவர்கள் வீட்டு நெருக்கடி அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் வாங்கினால் போவது அந்தப் பணம் மட்டுமில்லை. இண்டர்வியூவில் உட்கார்ந்து உண்மையாகப் பேச நம்மிடம் இருக்கும் ஒரே விஷயம் அந்தப் பிராஜெக்ட்தான், அதுவும் போய்விடும். நான் செய்தது பண்டில் கணக்கு. முன்னால் திரைக்கு விஷுவல் பேசிக் 6, பின்னால் டேபிள்களுக்கு ஆக்சஸ். விஷுவல் பேசிக் 6 1998இல் வந்த சாஃப்ட்வேர்தான், லேபில் அதுதான் இருந்தது. டேபிள் சரியாக இருந்தால் முன்னால் எதை வைத்தாலும் ஓடும்.

முதல் வெர்ஷனை ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குக் காட்டினேன். செக்கிங்கில் பீஸ் ஆல்டருக்கு, அதாவது திருத்தித் தைக்க, திரும்பி வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். டெலிட் பட்டனைக் காட்டினேன், வரி போய்விட்டது. அப்பா கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அழிக்காத கண்ணு. தெச்சது தெச்சதுதான? அழிச்சுட்டா அன்னிக்கு நான் வேலைக்கே வராத மாதிரி ஆயிருமே."

எனக்குச் சுருக்கென்றது. கணக்குப் பதிவியலில் முதல் வருடமே படித்தது இது. தப்பான என்ட்ரியை அழிக்கக் கூடாது, அதைச் சரிக்கட்ட இன்னொரு என்ட்ரி போட வேண்டும், ரெக்டிஃபிகேஷன் ஆஃப் எர்ரர்ஸ் என்று தனிப் பாடமே இருக்கிறது. பேப்பரில் பத்து கணக்கு போட்டிருக்கிறேன், புரோகிராம் எழுதும்போது நினைவுக்கு வரவில்லை. அன்றே டெலிட் பட்டனை எடுத்துவிட்டு ஆல்டருக்குத் தனி டேபிள் போட்டேன்: எந்த லாட், எந்த பண்டில், எத்தனை பீஸ் திரும்பியது, என்றைக்கு, யார் சரி செய்தது. வைவா என்ற வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் கேட்ட முதல் கேள்வியே திரும்பி வந்த பீஸ் எங்கே போகும் என்பதுதான். அந்த டேபிளைத் திறந்து காட்டினேன்.

இன்னும் சில விஷயம். எம்சிஏ போக நினைப்பவர்கள், பிளஸ் டூவிலோ பட்டத்திலோ கணிதம் படித்திருக்க வேண்டுமா என்பதைச் சேரும் முன்பே விசாரித்துவிடுங்கள், எங்கள் வகுப்பில் மூன்றாம் வருடம் வந்து தெரிந்து அழுதவர்கள் இருக்கிறார்கள். எக்ஸெலைத் தனியாகப் பழகுங்கள். என் முதல் இண்டர்வியூவில் இரண்டு ஷீட் கொடுத்து வீலுக்அப் (ஒரு ஷீட்டில் இருப்பதை இன்னொன்றில் தேடி எடுக்கும் ஃபார்முலா) போடச் சொன்னார்கள், பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் ஸ்டைல் நம்பர் பாதி ஒத்து வரவில்லை. சிலவற்றின் கடைசியில் ஒரு ஸ்பேஸ் ஒளிந்திருந்தது. அதை நீக்கும் ட்ரிம் ஃபார்முலா போட்டேன், வந்துவிட்டது. இப்போது ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் ஈஆர்பி (கம்பெனியின் எல்லா வேலையையும் ஒரே இடத்தில் பதியும் சாஃப்ட்வேர்) பார்க்கிறேன், அந்த ஸ்பேஸ் இன்றைக்கும் வாரம் ஒரு முறையாவது வருகிறது.

இப்போது ஐந்தாம் செமஸ்டரில் இருப்பவர்களுக்கு: ஆறாவது செமஸ்டர் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும், அதனால் தீபாவளி லீவிலேயே பிராஜெக்ட் வேலையை ஆரம்பியுங்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ நோட்டில் கணக்கு எழுதுகிறவர் ஒருவர் கட்டாயம் இருப்பார், மளிகைக் கடை, பால் ஊற்றுகிறவர், சீட்டுப் பிடிக்கிறவர், யாராவது. கேட்டு, இரண்டு மாதப் பக்கங்களை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆளை எத்தனை பெயரில் எழுதியிருக்கிறார், அடித்துத் திருத்திய இடம் எது, ஓரத்தில் சின்னதாக என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். அந்த ஓரத்தில் இருப்பதை முதலில் கேளுங்கள்.