மொய் நோட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய கதை

ஒவ்வொரு பத்திரிகை வரும்போதும் 'இவங்க நமக்கு எவ்ளோ வெச்சாங்க' என்று அப்பா பீரோவைத் திறந்து மொய் நோட்டைப் புரட்டுவார். அதற்காகத்தான் தம்பி கல்யாண நோட்டை மட்டுமாவது ஏற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். சித்தி பெண் எக்செல்லில் தட்டி, சிஎஸ்வியாக, அதாவது பத்திகளைக் கமாவால் பிரிக்கும் வெறும் எழுத்து ஃபைலாக, அனுப்பினாள்: பெயர், ஊர், தொகை, குறிப்பு என்று நான்கு பத்தி. 412 பேர்.

திறந்தால் முழுக்கக் கேள்விக்குறி. எக்செல்லில் வெறும் சிஎஸ்வி என்று சேமித்தால் தமிழ் போய்விடுகிறது, 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று தனியாக இருப்பதைத் தேர்ந்தெடுக்கணும். சரி, மறுபடி வாங்கி, பைத்தான் என்ற நிரல் மொழியில், கமா உள்ள தொகையைச் சுற்றி எக்செல் போட்டிருந்த கோட்ஸை (மேற்கோள் குறிகளை) தூக்கிப் போட்டுவிட்டு, கமா வந்த இடத்திலெல்லாம் வெட்டினேன். 1,001 வைத்தவர்கள் எல்லாரும் ஒரு ரூபாய் வைத்தவர்களாகிவிட்டார்கள். அப்பா எட்டிப் பார்த்து, "இன்னாடா, காட்பாடி மாமா ஒரு ரூபாயா வெச்சாரு?" என்றார்.

கோட்ஸுக்குள் இருக்கும் கமா பத்தியைப் பிரிக்காது. சிஎஸ்வி எப்படி இருக்கணும் என்று சொல்லும் ஆவணமான, 2005இல் வந்த ஆர்எஃப்சி 4180லேயே இது இருக்கிறது, செல்லுக்குள் புது வரி வரலாம் என்பது உட்பட. இதையெல்லாம் கையால் எழுதுவது வெட்டி வேலை என்று பைத்தானோடு ரெடிமேடாக வரும் சிஎஸ்வி மாட்யூலுக்கு மாறினேன். அது உடனே 'பெயர்' என்ற பத்தியே இல்லை என்றது, கண்ணெதிரே இருக்கிறது! ஃபைலின் தலையில் எக்செல் வைக்கும் பிஓஎம் என்ற கண்ணுக்குத் தெரியாத குறி அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எழுத்துகளை எப்படிப் படிக்கணும் என்று சொல்லும் என்கோடிங்கை 'யூடிஎஃப்-8-சிக்' என்று மாற்றியதும் அந்தத் தொல்லை போச்சு.

இரண்டு நாளைத் தின்றது அடுத்ததுதான். எர்ரர் எதுவும் இல்லை, ஆனால் 389 பேர்தான் வந்தார்கள். மீதி 23 பேர் எங்கே? ஒவ்வொரு வரியிலும் எத்தனை பத்தி என்று அச்சடித்துப் பார்த்ததில் ஒன்றில் மட்டும் நான்குக்கு மேல். விட்டுப்போன சிலரைச் சித்தி பெண் நோட்பேடில் நேராகச் செருகியிருக்கிறாள், அதில் ஒரு குறிப்பு கோட்ஸோடு ஆரம்பித்து மூடாமல் நிற்கிறது: குத்துவிளக்கு ஒரு ஜோடி. அடுத்த 1,001 வந்து அதன் கோட்ஸ் தற்செயலாக மூடிவிடும் வரைக்கும் எல்லாரும் அந்தக் குத்துவிளக்குக்குள் போய்விட்டார்கள். மாட்யூலின் 'ஸ்டிரிக்ட்' அமைப்பைப் போட்டிருந்தால் முதல் நாளே கத்தியிருக்கும், இயல்பில் அது அணைந்தே இருக்கிறது.

ஊர்வாரியாகக் கூட்டினால் கொணவட்டம் இரண்டு தடவை வந்தது. பார்வைக்கு ஒன்றுதான். ஒன்றில் 'கொ'வின் குறி ஒரே எழுத்தாகவும், இன்னொன்றில் ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் தட்டப்பட்டிருந்தன. இப்படிப் பிரிந்திருப்பதை ஒரே குறியாகச் சேர்க்கும் யூனிகோடின் என்எஃப்சி முறைக்கு மாற்றியதும் ஒன்றாகிவிட்டன.

அடுத்து அக்கா கல்யாண நோட்டு. அதில் பாதிப் பேருக்கு ஊர் 'வே' என்று மட்டும் இருக்கிறது. வேலூரா, வேப்பங்குப்பமா என்று அம்மாவைத்தான் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்கணும்.