தண்ணியக் கேட்டியா?

ஜூலை மாதம் மும்பைத் துறைமுகத்தில் படகேறியவர்களுக்குத் தெரியும், ரெயின்கோட் என்பது வெறும் சம்பிரதாயம். 2003-ல் அப்படி ஒரு காலையில், தொப்பலாக நனைந்து, கயிற்று ஏணி பிடித்துக் கப்பலில் ஏறினேன். வேலையில் சேர்ந்து மூன்றாவது வாரம். பட்டாணி ஏற்றி வந்த கப்பல். அதை எடைபோட வேண்டும்.

கப்பலை எப்படி எடைபோடுவது என்று சொந்தக்காரர்கள் இன்றும் கேட்கிறார்கள். டிராஃப்ட் சர்வே என்று பெயர். கப்பலின் முன்னால், நடுவில், பின்னால், இரண்டு பக்கமும் சேர்த்து ஆறு இடத்தில் வெள்ளைப் பெயின்டில் எண்கள் இருக்கும். ஒவ்வொரு எண்ணும் 10 செ.மீ. உயரம். எண்ணின் காலைத் தண்ணீர் தொட்டால் அந்த அளவு. தலை முழுகினால் இன்னொரு 10 செ.மீ. சேர்த்துக்கொள்ள வேண்டும். சின்னப் படகில் கப்பலைச் சுற்றிவந்து, அலை ஏறுவதையும் இறங்குவதையும் கொஞ்ச நேரம் பார்த்து, நடுவாக ஒரு அளவைக் குறிக்க வேண்டும். இவ்வளவு அமிழ்ந்தால் இவ்வளவு தண்ணீரை ஒதுக்கியிருக்கிறது என்று சொல்ல ஒவ்வொரு கப்பலிலும் ஒரு அட்டவணை உண்டு. ஒதுக்கிய தண்ணீரின் எடைதான் கப்பலின் மொத்த எடை. அதிலிருந்து வெறும் கப்பல், எண்ணெய், குடிதண்ணீர், கப்பல் ஆடாமல் நிற்க அடியில் நிரப்பும் பல்லாஸ்ட் தண்ணீர் எல்லாவற்றையும் கழித்தால் மிச்சம் சரக்கு.

ஆர்க்கிமிடிஸ் தொட்டியிலிருந்து எழுந்து ஓடிய கதையைப் பள்ளியில் பத்து மார்க்குக்கு எழுதியிருக்கிறேன். அதை வைத்து ஒருவன் சம்பளம் வாங்க முடியும் என்று யாரும் சொல்லவில்லை.

அன்றைக்குக் கணக்கை முடித்து, மொத்த எடை 30,000 டன் என்று எழுதி, பெருமையாக அண்ணாச்சியிடம் நீட்டினேன். அண்ணாச்சி எங்கள் சீனியர் சர்வேயர், தூத்துக்குடிக்காரர். தாளை ஒரு முறைதான் பார்த்தார்.

"ஏல, தண்ணியக் கேட்டியா?"

எனக்குப் புரியவில்லை. தாகமாக இருக்கிறதாக்கும் என்று பாட்டிலை நீட்டினேன். தலையில் அடித்துக்கொண்டார்.

அட்டவணையில் உள்ள எடை, கடல் தண்ணீருக்கு அடர்த்தி 1.025 என்று வைத்துப் போட்டது. அதாவது ஒரு லிட்டருக்கு 1,025 கிராம். நான் அதையே எடுத்துக்கொண்டுவிட்டேன். மும்பைத் துறைமுகம் இருப்பது முகத்துவாரத்தில். மழைக்காலத்தில் உல்ஹாஸ், பாதாள்கங்கா, அம்பா என்று சுற்றியுள்ள ஆறுகள் எல்லாம் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும். உப்புக் குறையும், தண்ணீர் லேசாகும். லேசான தண்ணீரில் அதே கப்பலைத் தாங்க அதிகத் தண்ணீரை ஒதுக்க வேண்டும். ஆகவே கப்பல் இன்னும் கொஞ்சம் கீழே உட்காரும். நான் அந்த உட்கார்ந்ததைப் பார்த்து, ஐயோ எவ்வளவு சரக்கு என்று எழுதிவிட்டேன்.

தண்ணீரைக் கேட்பது என்றால் இதுதான்: மூடி போட்ட ஒரு டப்பாவைக் கயிற்றில் கட்டிக் கப்பல் ஓரமாக இறக்கி, கப்பல் அமிழ்ந்திருக்கும் ஆழத்தில் பாதிக்குப் போனதும் மூடியைச் சுண்டித் திறந்து, தண்ணீரை மொண்டு மேலே இழுக்க வேண்டும். மேல்மட்டத்தில் மட்டும் அள்ளினால் ஏமாறுவோம், மழைத்தண்ணீர் மேலேதான் பரவிக் கிடக்கும். டப்பாவுக்குள், அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை விட வேண்டும். அடியில் குண்டு, மேலே மெலிந்த கழுத்து, கழுத்துக்குள் கோடுகள் போட்ட காகிதம், மொத்தமும் கண்ணாடி. கனமான தண்ணீரில் கழுத்தை நீட்டி நிற்கும், லேசான தண்ணீரில் கழுத்துவரை முழுகும். அன்று 1.015 காட்டியது.

திருத்திப் போட்டால் 29,707 டன். நான் 293 டன் பட்டாணியைக் கூடுதலாக எழுதியிருக்கிறேன். லாரிக்குப் 10 டன் என்றால் 29 லாரி. இறக்கி முடித்த பிறகு, இல்லாத அந்தப் பட்டாணியைத் தேடி எத்தனை பேர் எத்தனை பேர் மீது வழக்குப் போட்டிருப்பார்களோ!

அண்ணாச்சிக்குத் தண்ணீர்மேல் இருந்த சந்தேகம் படித்து வந்ததில்லை. அவர் வீடே உப்பளத்து வீடு. பாத்தியில் தண்ணீர் விட்டு, காயக் காய 'டிகிரி' பார்ப்பார்களாம். கடலிலிருந்து வரும்போது மூன்று, மூன்றரை டிகிரி. இருபத்தைந்து டிகிரி பக்கம் வந்தால்தான் உப்பு இறங்கும். அங்கேயும் அதே கண்ணாடிக் குண்டுதான், கோடுகள் மட்டும் வேறு. "தண்ணினா எல்லாம் ஒரே தண்ணியால?" என்று அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

கப்பலின் வயிற்றோரம் ஒரு வட்டமும் குறுக்கே கோடும் பார்த்திருப்பீர்கள். அளவுக்கு மீறி ஏற்றி மாலுமிகளைச் சாகடிக்கிறார்கள் என்று சாமுவேல் பிளிம்சால் என்ற இங்கிலாந்து எம்.பி. சண்டை போட்டு, 1876-ல் சட்டமாக்கிய குறி. பக்கத்திலேயே ஏணிபோல் சில கோடுகளும் இருக்கும்: வெப்பமண்டல நன்னீருக்கு ஒன்று, சாதா நன்னீருக்கு ஒன்று, வெப்பமண்டலக் கடலுக்கு, கோடைக்கு, குளிர்காலத்துக்கு. இத்தனை நாள் அதை அலங்காரம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரே கப்பல் எந்தத் தண்ணீரில் எவ்வளவு முழுகலாம் என்று வயிற்றிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நான் அதன் பக்கத்தில் படகில் உட்கார்ந்துகொண்டு பார்க்காமல் வந்திருக்கிறேன்.

கையில் பழகட்டும் என்று பழைய ஹைட்ரோமீட்டர் ஒன்றைக் கொடுத்துவிட்டார் அண்ணாச்சி. அப்போது தாராவியில், 90 அடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தோம். அம்மா இட்லி, வடை போட்டுக் கொடுப்பாள். விடிகாலையில் பையன்கள் சைக்கிளில் வைத்து எடுத்துப்போய் விற்பார்கள். வீட்டில் ஒரு குவளைத் தண்ணீரில் அதை விட்டுக் காட்டினேன். உப்புப் போட்டுக் கலக்கினேன், மேலே வந்தது. அம்மா அசரவே இல்லை.

"இது எங்கப்பா போடுற முட்டைல்லா?"

தாத்தா ஊரில் நெல் விதைக்கும் முன்னால், வாளித் தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே இருப்பாராம். நல்ல கோழிமுட்டையைப் போடுவார். முதலில் அடியில் கிடக்கும். உப்பு ஏற ஏற எழும்பும். முட்டை மேலே வந்து நாலணா அகலத்துக்கு வெளியே தெரிந்தால் உப்பு போதும். அதில் விதைநெல்லைக் கொட்டினால் பதரும் அரைகுறை மணியும் மிதக்கும். அரித்து எறிந்துவிட்டு, அடியில் தங்கியதைப் பச்சைத்தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி விதைப்பார். வெறும் தண்ணீரில் பதர் மட்டும்தான் மிதக்கும், அரைகுறை மணி அடியில் போய் நல்ல விதையோடு ஒளிந்துகொள்ளும். அதற்குத்தான் உப்பு. துறைமுகத்தில் எனக்குக் கண்ணாடி, தாத்தாவுக்கு முட்டை.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அம்மாவுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லியே தீர வேண்டும். எண்ணெய் பாக்கெட்டை எடுத்தேன். ஒரு லிட்டர் என்று போட்டு, கீழே 910 கிராம் என்று சின்ன எழுத்தில் இருக்கும். "90 கிராம் அமுக்கிட்டான்" என்று பல நாளாகத் திட்டிக்கொண்டிருந்தாள். அமுக்கவில்லை, எண்ணெய் தண்ணீரைவிட லேசு, லிட்டருக்கு அவ்வளவுதான் நிற்கும் என்றேன். நம்பிய மாதிரி தெரியவில்லை. கிலோ கணக்கில் சில்லறை எண்ணெய் வாங்கியவள்.

அந்த நேரம் பார்த்துக் கிரைண்டரில் உளுந்து ஓடிக்கொண்டிருந்தது. அம்மா ஹைட்ரோமீட்டரைப் பிடுங்கி, வழித்த மாவுக்குள் நட்டுவைத்தாள். அது ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. வைத்த இடத்தில் சாய்வாக நின்றது. மாவு கெட்டி, அதற்குள் குண்டு தன்னால் நகராது, இது ஓடுகிற தண்ணிக்குத்தான் என்று நான் விளக்க ஆரம்பித்தேன்.

"அப்ப எதுக்கு இது?" என்றாள். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் பிடித்து, விரல் நுனியில் மாவை எடுத்துச் சொட்டினாள். உள்ளே போய்ச் சற்று நின்று அடியில் படிந்தது. கிரைண்டரை மறுபடி போட்டாள். தண்ணீரைத் தெளித்துத் தெளித்து இன்னும் பத்து நிமிடம். காற்றுப் புகுந்து மாவு பொங்கி ஓரமெல்லாம் ஏறியது. அதே உளுந்து, அதே மாவு. மறுபடி ஒரு சொட்டு. பஞ்சு மாதிரி மேலேயே நின்றது.

எண்ணெய் காய்ந்திருந்தது. தண்ணீரில் மிதந்த அந்த மாவே எண்ணெயில் முதலில் கொஞ்சம் அமிழ்ந்தது. எண்ணெய் லேசு என்று அவளுக்கு நிரூபிக்க எனக்குக் கிடைத்த கடைசி வாய்ப்பு. வாயைத் திறந்தேன். அதற்குள் ஆவி நுரைத்து வடை மேலே வந்துவிட்டது.

"கண்ணாடியைக் கழுவி வை, மாவு காஞ்சா போகாது" என்றாள் அம்மா. "அப்படியே சட்னிக்குத் தேங்காயத் துருவு."