ரத்தப் பரிசோதனைக்காக மலத்துக்கு அலைந்த கதை

ஸ்ட்ராங்கிலாய்டிஸ் குடற்புழுவுக்கு எலிசா டெஸ்ட் (புழுவுக்கு எதிராக உடல் உண்டாக்கும் ஆன்டிபாடியை ரத்தத்தில் தேடும் பரிசோதனை) உருவாக்கும் திட்டத்தில் வேலை பார்த்தேன். லேப் வேலை பெரிதாகப் படுத்தவில்லை. படுத்தியது சாம்பிள்தான்.

ரத்தத்தில் ஆன்டிபாடி இருப்பதாக நம் டெஸ்ட் காட்டினால் மட்டும் போதாது. அந்த ஆளின் வயிற்றில் நிஜமாகவே புழு இருக்கிறதா என்று மலத்தில் பார்த்தாக வேண்டும். இந்தப் புழுவின் முட்டை குடலுக்குள்ளேயே பொரிந்துவிடும். வெளியே வருவது லார்வா, அதுவும் தினமும் வராது. ஒரு நாள் மலத்தில் காணவில்லை என்பதால் புழு இல்லை என்று சொல்லிவிட முடியாது. ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று கிளம்பியதே இதனால்தான். கடைசியில் அதைச் சரிபார்க்கவும் அதே மலத்திடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது!

அதற்கு முன்பே எதிக்ஸ் கமிட்டி அலுவலகத்தில் ஒரு தடங்கல். தமிழ் ஒப்புதல் படிவத்தில் 'மலம்' என்று இருப்பது நாகரிகமாக இல்லையாம், மாற்றிக்கொண்டு வரச் சொன்னார் கிளார்க். 'கழிவு மாதிரி' என்று மாற்றினோம். கிராமத்தில் பாதிப் பேர் சிறுநீரைக் கொடுத்தார்கள். மறுபடி 'மலம்' ஆக்க ஒரு கூட்டம் வரை காத்திருந்தோம்.

அப்புறம் ஃப்ரிட்ஜ். மலத்தை அகார் தட்டில் (கிருமி வளர்க்கும் ஜெல்லித் தட்டு) வைத்தால் லார்வா ஊர்ந்து போன தடத்தில் பாக்டீரியா வளைந்து வளைந்து முளைக்கும். லார்வா உயிரோடு இருந்தால்தான் இது நடக்கும். ஒரு மருத்துவமனை லேபில், கெட்டுப்போகும் என்று எல்லா டப்பாவையும் குளிரில் வைத்துவிட்டார்கள். "இங்க எல்லாத்தையும் இப்படித்தான் வைப்போம்" என்று பதில். தட்டில் ஒரு கோடுகூட இல்லை. இனி யாராவது போவதாக இருந்தால், டப்பா மேல் எழுதி ஒட்டினாலும் நம்பாதீர்கள். கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.

யானைக்கால் பரவியிருந்த ஊர்களில் நெகட்டிவ் கன்ட்ரோல் (ஒப்பிட்டுப் பார்க்க, இந்தப் புழு இல்லாதவர்களின் ரத்தம்) எடுப்பவர்களுக்கு இன்னொன்று. ஆன்டிபாடி வந்து ஒட்டுவதற்கான ஆன்டிஜெனாக, எலியில் வாழும் ஸ்ட்ராங்கிலாய்டிஸ் புழுவின் லார்வாவை அரைத்தெடுத்ததைத்தான் முதலில் வைத்திருந்தோம். யானைக்காலும் வேறொரு புழுவால் வருவதுதான் என்பதால், அந்த நோயாளிகளின் சீரமும் (ரத்தத்தின் தெளிந்த நீர்) மஞ்சளாகி, பாசிட்டிவ் என்று காட்டிவிட்டது. லேபில் தயாரிக்கும் என்ஐஇ என்ற ஒற்றை ஸ்ட்ராங்கிலாய்டிஸ் புரதத்துக்கு மாறிய பிறகு தொல்லை நன்றாகக் குறைந்தது. யானைக்கால் நோயாளிகளின் சீரத்தை ஆரம்பத்திலேயே தனிக் குழுவாகச் சேர்த்து வையுங்கள்.

ஸ்டீராய்டு தொடங்கவிருந்த ஒரு பெரியவருக்கு மலத்தில் ஒன்றுமில்லை, எங்கள் எலிசாவில் பாசிட்டிவ். விடாமல் மறுபடி மலம் கேட்டோம், தட்டில் கோடு விழுந்தது. ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் புழு பெருகி உயிருக்கே ஆபத்தாகியிருக்கும். முதலில் ஐவர்மெக்டின் கொடுத்தார்கள். மருந்து வேலை செய்ததா என்று பார்க்கத் திரும்ப ரத்தம் எடுக்கவேண்டும், ஆனால் ஆன்டிபாடி இறங்க மாதக்கணக்காகும். அதுவரை அவரை விட்டுவிடாமல் இருக்க, பக்கத்து வீட்டு போன் நம்பரையும் வாங்கி வைத்திருக்கிறேன்.