ஜெனரேட்டர் வாங்க நாடாளுமன்றம் வரை

2024 பிப்ரவரியில் நாளிதழ்களில் ஒரு சின்னச் செய்தி வந்தது. நடப்பு நிதியாண்டில் 78,673 கோடி ரூபாய் நிகரக் கூடுதல் செலவுக்கு ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தின் ஒப்புதலைக் கேட்டிருக்கிறது என்பது செய்தி. வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெரு டீக்கடையில் அதை யாரும் நின்று படித்ததாகத் தெரியவில்லை. நான் மட்டும் வரி விடாமல் படித்தேன். பட்ஜெட் நிறைவேறிய பிறகு ஆண்டின் நடுவில் அரசு இப்படிக் கேட்பதற்குத் துணை மானியக் கோரிக்கை என்று பெயர். எங்கள் அலுவலகத்துக்கு ஒரு ஜெனரேட்டர் வருமா வராதா என்பது அதைப் பொறுத்திருந்தது.

வடசென்னையில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். 2023 டிசம்பர் தொடக்கத்தில் வந்த மிக்ஜாம் புயல் ஆந்திராவில் பாபட்லா அருகேதான் கரையைக் கடந்தது. ஆனால் தண்ணீர் நின்றது கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் தண்டையார்பேட்டையிலும். எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலமும் சேர்ந்துகொண்டது. எங்கள் கட்டடத்தின் மின் அறை சாலையைவிடத் தாழ்வானது. ஜெனரேட்டரும் மின் பலகைகளும் முழுதாக மூழ்கிவிட்டன.

தண்ணீரை இறைத்து முடித்ததும் எலக்ட்ரீஷியன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "காயவைத்து ஓட்டிக் காட்டுகிறேன் சார். ஆனால் அடுத்த மழைக்கு நான் பொறுப்பில்லை" என்றார். புதிய ஜெனரேட்டர், உயரமான மேடையில் புதிய மின் அறை இரண்டும் வேண்டும் என்று முடிவானது. மதிப்பீடு கோடியைத் தாண்டியது.

அலுவலகத்தில் பணமே இல்லை என்று சொல்ல முடியாது. பயணச் செலவு, அலுவலகச் செலவு ஆகிய தலைப்புகளில் மிச்சம் இருந்தது. ஆனால் அவையெல்லாம் வருவாய்ப் பிரிவு, அதாவது அன்றாடச் செலவு. ஜெனரேட்டரும் கட்டடமும் மூலதனப் பிரிவு, அதாவது நீண்ட நாள் நிற்கும் சொத்துக்கான செலவு. வெளியில் இருப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பது கடினம். ஒரே அரசு, ஒரே அலுவலகம், ஒரே வங்கிக் கணக்கு, இதில் எதற்கு வேலி என்று என் மைத்துனர் கேட்டார். வருவாய்க் கணக்கில் வரும் செலவைப் பிற செலவுகளிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 112ஆவது பிரிவே சொல்கிறது. ஒவ்வொரு மானியத்திலும், அதாவது ஓர் அமைச்சகத்துக்கோ துறைக்கோ ஒதுக்கும் தொகையிலும், வருவாய்க்கு இவ்வளவு, மூலதனத்துக்கு இவ்வளவு என்று நாடாளுமன்றம் தனித்தனியாகவே அனுமதிக்கிறது. ஒரே பிரிவுக்குள் ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மறு ஒதுக்கீடு செய்ய அதிகாரிகளுக்கு ஓரளவு உரிமை உண்டு. வேலியைத் தாண்டிப் பணத்தை நகர்த்த அமைச்சருக்குக்கூட உரிமை இல்லை.

சுற்றுவழி சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமா? பழைய ஜெனரேட்டரைப் 'பழுது பார்த்ததாக' எழுதிவிட்டால் பராமரிப்புச் செலவில் முடிந்துவிடும் என்றார் ஒருவர். பழுது பார்ப்பது வருவாய்ச் செலவு. கூடுதல் திறனுள்ள புதிய இயந்திரம் வாங்குவது மூலதனச் செலவு. எங்கள் பிரிவு அலுவலர் மேடம் கோப்பை மூடி வைத்துவிட்டு, "தணிக்கைக்காரர் வந்து பழைய ஜெனரேட்டரைக் காட்டு என்றால் எதைக் காட்டுவீர்கள்?" என்று மட்டும் கேட்டார். முதலில் வாங்கிவிடலாம், அனுமதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் இன்னொருவர். அனுமதித்த மானியத்தை மீறிச் செலவழித்தால் அது மிகைச் செலவு. நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு அதை ஆராய்ந்து, பிறகு நாடாளுமன்றம் அதை முறைப்படுத்த வேண்டும். ஒரு ஜெனரேட்டருக்காக அந்தப் பட்டியலில் ஏற அமைச்சகத்தில் யாரும் தயாராக இல்லை.

எதிர்பாராச் செலவு நிதி என்று ஒன்று இருக்கிறதே என்று நானே கேட்டேன். 267ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவரின் பொறுப்பில் இருக்கும் அந்த நிதி 2021இல் 500 கோடியிலிருந்து 30,000 கோடியாக உயர்த்தப்பட்டது. அதிலிருந்து எடுத்தாலும் அது முன்பணம்தான். பின்னர் நாடாளுமன்றத்தின் அனுமதி பெற்று ஈடுகட்ட வேண்டும். அதோடு, அப்போது குளிர்காலக் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தது. அவை கூடியிருக்கும்போது முதலில் அவையைக் கேட்பதுதான் முறை என்று டெல்லியிலிருந்து பதில் வந்தது.

எஞ்சியது 115ஆவது பிரிவு, அதாவது துணை மானியம். புயலுக்கு அடுத்த நாள்களிலேயே அந்த ஆண்டின் முதல் தொகுப்பு மக்களவைக்குப் போய்விட்டது. எங்கள் மின் அறையில் அப்போது தண்ணீர்கூட வடியவில்லை. ஆகவே அடுத்த தொகுப்புக்குத்தான் எழுதினோம்.

துணை மானியத்தில் மூன்று வகை உண்டு. மானியத்துக்கு மேல் உண்மையாகவே புதுப்பணம் தேவைப்பட்டால் அது ரொக்கத் துணை மானியம். ஒரே பிரிவுக்குள் மிச்சம் இருக்கிறது, ஆனால் செலவின் வகை புதியது என்றால், அடையாளத் தொகையாக ஒரு சிறு தொகையை, பெரும்பாலும் ஒரு லட்சம் ரூபாயைக் கேட்டு, அந்தப் புதிய செலவுக்கு ஒப்புதல் வாங்குவார்கள். வருவாயில் இருக்கும் மிச்சத்தை மூலதனத்துக்கு மாற்ற வேண்டுமானால் அது தொழில்நுட்பத் துணை மானியம். எங்களுடையது மூன்றாவது வகை. அரசின் மொத்தச் செலவு ஒரு ரூபாய்கூடக் கூடாது. ஆனாலும் கேட்டே ஆக வேண்டும். அந்தத் தொகுப்பின் மொத்தத் தொகை சுமார் 2 லட்சம் கோடி. மிச்சங்களும் கூடுதல் வரவுகளும் போக நிகரம் 78,673 கோடி. நாளிதழ் தலைப்பில் வந்த 78,673 கோடிக்குள் எங்கள் ஜெனரேட்டர் இல்லை, தலைப்புக்கு வராத மீதியில் இருந்தது.

கோரிக்கைக் குறிப்பை எழுதுவது பெரிய வித்தையல்ல. மதிப்பீடு, எந்தத் தலைப்பில் எவ்வளவு மிச்சம், அந்த மிச்சம் ஏன் நிச்சயம், பட்ஜெட் போடும்போது ஏன் இதைக் கேட்கவில்லை என்ற விளக்கம், இவ்வளவுதான். வேலை வாங்கியது வேறொரு கேள்வி. அமைச்சகத்தின் நிதி ஆலோசகர் அலுவலகத்திலிருந்து பேசியவர் புயலைப் பற்றி எதுவும் விசாரிக்கவில்லை. "மார்ச் 31க்குள் செலவாகிவிடுமா?" என்றார். ஆகும் என்று சொல்ல வாய் வரவில்லை. பிப்ரவரியில் கிடைக்கும் அனுமதியை வைத்துக்கொண்டு டெண்டர் விட்டு, அடித்தளம் போட்டு, மார்ச்சுக்குள் கட்டடம் எழுப்ப முடியாது. செலவாகாத ஒதுக்கீடு அடுத்த ஆண்டுக்கு வராது. ஏப்ரல் முதல் தேதி அது செத்த பணம்.

கோரிக்கையை இரண்டாக உடைக்கலாம் என்று மேடம் சொன்னார். ஜெனரேட்டர் மட்டும் துணை மானியத்தில், கட்டடம் அடுத்த பட்ஜெட்டில். எனக்கு முதலில் உடன்பாடில்லை. கேட்பதே அபூர்வம், கேட்கும்போது முழுதாகக் கேட்போமே என்று வாதாடினேன். அவர் அசையவில்லை. "செலவழிக்க முடியாத பணத்துக்கு அவை முன் கை நீட்டக் கூடாது" என்றார். பட்ஜெட் போட்ட பிறகு மூலதனத்துக்கு வழியே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். வழி இருக்கிறது. அது ஆண்டின் கடைசியில் திறக்கிறது என்பதுதான் சிக்கல். செங்கல் சிமென்ட் வேலைக்கு அது உதவாது. கடையில் தயாராக இருக்கும் பொருளுக்கு உதவும்.

அதன் பிறகு நடந்தது எல்லாம் எங்கள் கைக்கு வெளியே. நிதியமைச்சகத்தின் பட்ஜெட் பிரிவு எல்லா அமைச்சகங்களின் கோரிக்கைகளையும் தொகுத்தது. குடியரசுத் தலைவரின் பரிந்துரை இல்லாமல் எந்த மானியக் கோரிக்கையும் அவைக்கு வர முடியாது. மக்களவை வாக்களித்தது, நிதி ஒதுக்கீட்டு மசோதா நிறைவேறியது, பண மசோதா என்பதால் மாநிலங்களவை அதை மாற்றமின்றி மக்களவைக்குத் திருப்பி அனுப்பியது. அச்சிட்ட கோரிக்கைப் புத்தகத்தில் எங்கள் ஜெனரேட்டரைத் தேடினேன். அமைச்சகத்தின் மூலதனத் தலைப்பில் ஒரே கூட்டுத்தொகைதான் இருந்தது. அதற்குள் எத்தனை ஊர்களின் எத்தனை ஜெனரேட்டர்களோ!

ஒதுக்கீடு கணினியில் ஏறியதும் அரசின் இணையக் கொள்முதல் தளமான ஜெம்மில் கொள்முதலைத் தொடங்கினோம். நிதியாண்டின் கடைசி மாதத்தில் பணத்தைக் கொட்டுவது நிதி ஒழுங்குக்கு முரண் என்று பொது நிதி விதிகள் சொல்கின்றன. மார்ச் செலவுக்கு ஆண்டு ஒதுக்கீட்டில் 15 சதவீத வரம்பும் உண்டு. அரசே பிப்ரவரியில் பணம் தருகிறது, அரசே மார்ச்சில் அவசரப்படாதே என்கிறது. இதில் எனக்கு இன்றைக்கும் கோபம்தான். மார்ச் 16இல் தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வரும் முன்பே ஆணை கொடுத்துவிட்டோம். இயந்திரத்தை ஏற்றி வந்த லாரி எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, ஓட்டுநர் மாலை வரை தொலைபேசியில் எங்களைத் திட்டித் தீர்த்தார். பில் மார்ச் முடிவதற்குள் தீர்ந்தது.

கட்டடத்துக்கு இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது. அது தேர்தல் ஆண்டு என்பதால் பிப்ரவரியில் இடைக்கால பட்ஜெட் மட்டுமே. நடைமுறைச் செலவுக்காக முன்கூட்டி அனுமதிக்கப்படும் அந்தப் பணத்தில் புதிய பணி எதையும் தொடங்கக் கூடாது. ஜூலை 23இல் வந்த முழு பட்ஜெட்டில்தான் மின் அறைக்கு ஒதுக்கீடு கிடைத்தது. அதுவரை புது ஜெனரேட்டர் வாகன நிறுத்தத்தில் தகரக் கூரையின் கீழ், செங்கல் அடுக்கிய மேடையில் நின்றது.

அந்த ஆண்டு டிசம்பரில் 87,762 கோடி ரூபாய்க்கு முதல் துணை மானியத் தொகுப்பு வந்தது. நாங்கள் எதுவும் கேட்கவில்லை. மேடம் மட்டும் மாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, மதிப்பீட்டை இப்போதே வாங்கி வைக்கச் சொன்னார்.